ஆசான் எழுதிய கடைசிப் பட்டியல்

ஏழுக்குக் குறுக்கே கோடு இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

எங்கள் கால்பந்து கிளப்பின் மேனேஜரை எல்லாரும் ஆசான் என்போம். ஏழு என்ற எண்ணை எழுதினால் அதன் இடுப்பில் ஒரு சின்னக் கோடு இழுப்பார். போர்ச்சுகலில் அவர் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் என் கையில் தந்த தாளில் 7, 17, 27 என்று மூன்று ஏழுகள் இருந்தன. ஒன்றிலும் கோடு இல்லை. மறுநாள் காலையில் செய்தி வந்தது.

நான் ஷார்ட்ஸுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உதவிக் கோச் சசி சார் உள்ளே வந்தார். ஜெர்சியும் பூட்ஸும் வைக்கிற அறையை கிளப்பில் கிட் ரூம் என்பார்கள். அதற்குள் வெளியில் நடந்த செருப்போடு யாரும் வரக்கூடாது என்பது ஆசான் போட்ட விதி. சசி சார் ஷூவோடு வந்து நடு அறையில் நின்றார். அவர் காலைப் பார்த்ததுமே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். “மோளே, ஆசான் போயி,” என்றார். டிரைவர் கூப்பிடப் போனபோது ஃபிளாட்டின் கதவு திறக்கவில்லை. வாட்ச்மேனை வைத்துத் திறந்தார்களாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம், ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

பிறகு சசி சார் கேட்டார்: “லிஸ்ட் தந்திருந்தாரோ?”

“இல்ல சார், தரல,” என்றேன்.

தாள் என் சுடிதார் பையில் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டும். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்ல வேண்டும். ஆசானுக்கான இந்த நினைவு மலரில் எழுதுகிறவர்களை எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னை நீங்கள் பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கிளப்பின் துணி துவைக்கிற செல்வியின் மகள். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தேன். மலையில் இருந்தவரை தமிழில் படித்தேன். கீழே இறங்கி வந்த பிறகு மலையாளத்தில் படிக்க வேண்டியிருந்தது, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மா துவைப்பாள், நான் காயவைத்து இஸ்திரி போட்டு அடுக்குவேன். மலையில் யானை வருமே, பயமில்லையா என்று இங்கே எல்லாரும் கேட்பார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் மறுபக்கம் போய்விடலாம். ஆம்பிளைகள் இருபத்தைந்து பேர் சத்தம் போட்டுக்கொண்டு ஒரே கதவு வழியாக வந்தால் எந்தப் பக்கம் போவது? வந்த முதல் வாரம் அவர்கள் வரும்போதெல்லாம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

அங்கே என்னைக் கண்டுபிடித்தவர் ஆசான். மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியைக் காட்டி ஏதோ சொன்னார். “ஷாவ்” என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. ஜன்னலைக் காட்டி “ஜனேலா” என்றார். ஜன்னல் என்றேன். மேசை, பொத்தான், துவாலை என்று வரிசையாகக் காட்டிக் கேட்டார். பாதிக்கு மேல் அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்தன. வெளியே போய் சசி சாரிடம், இந்தப் பெண் போர்ச்சுக்கீசு பேசுகிறாள் என்று புகார் மாதிரிச் சொன்னாராம். இரண்டு நாள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்களுக்கு நடுவில் இருந்த மொழி அவ்வளவுதான். மீதி எல்லாம் கையும் முகமும்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையை மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் அதை அவருடைய சாவிக்கொத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இரும்பு வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சாவிகள் கோர்த்திருப்பார். எங்கள் கிளப்பில் எந்தப் பூட்டுக்கும் சேராதவை. ஒருநாள் மழையில் பயிற்சி நின்றுபோனபோது ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார், சசி சார் மொழிபெயர்த்தார். முதல் சாவி அவர் பிறந்த மீன்பிடி ஊரின் கிளப்புடையது. அங்கே இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடத் தொடங்கினார். இரண்டாவது, அரை வருஷம் மட்டும் பெரிய டிவிஷனில் ஆடிய கிளப். அங்கேதான் முழங்கால் போனது. அதற்குப் பிறகுள்ளவை எல்லாம் மேனேஜராக இருந்த இடங்கள். ஒரு தீவு, பனி கொட்டுகிற ஒரு மலையூர், ஆப்பிரிக்காவில் ஒன்று. எல்லாவற்றிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். தோற்றால் முதலில் போவது மேனேஜர்தானாம். “வேலையைப் பிடுங்குகிற அவசரத்தில் சாவியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்,” என்றார். சசி சார் சிரித்துக்கொண்டே, இங்கே நாங்கள் மறக்க மாட்டோம் என்றார். ஆசானும் சிரித்தார். அந்த வருஷம் நாங்கள் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் இருந்தோம். அவர் கை சாவிகளை விடவில்லை.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மறுநாள் ஆடப்போகிற பதினொரு பேரின் ஜெர்சி எண்களை அவர் எழுதுவார். முதலில் சசி சாருக்குக்கூடக் காட்ட மாட்டார். என்னிடம் தருவார். ஏனென்றால் ஆட்டத்தன்று உடை மாற்றுகிற அறையில் யார் எந்தக் கொக்கிக்குக் கீழே உட்காருவது என்பதற்கும் அவரிடம் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைப்படி நான் ஜெர்சிகளை மாட்ட வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவார். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்து, தொங்குகிற ஜெர்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அதுவரை யார் கேட்டாலும் நான் “இல்ல, தரல” என்று சொல்ல வேண்டும். தாளைத் தந்துவிட்டு உதட்டில் விரலை வைப்பார். நானும் வைப்பேன். அவ்வளவுதான்.

அதற்குக் காரணத்தையும் ஒருநாள் சசி சார் வழியாகச் சொன்னார். அவருக்குப் பதினேழு வயதில் அவருடைய ஊர்க் கிளப்பில் பட்டியலைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டுவார்கள். காலையில் அவர் பெயர் இருந்தது. அவர் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மத்தியானம் யாரோ பெரிய மனிதர் வந்து பேசினார், பெயரை அடித்துவிட்டார்கள். ஆசான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருகிறார், எதிரில் வந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். “நான் ஆடவில்லை என்பது மீன் விற்கிறவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது,” என்றார். அதன் பிறகு அவர் அப்பா மைதானத்துக்கு வரவே இல்லையாம்.

அதனால் ஒரு வருஷமாக நான் “இல்ல, தரல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் முக்கியமானவர் கோல்கீப்பர் ஆன்டோ அண்ணன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆட்டக்காரர். “எடி பிள்ளே, நாளைக்கு நான் உண்டா இல்லியா? வாயத் தொறக்காண்டாம், தலைய மட்டும் ஆட்டு,” என்பார். நான் தலையையும் ஆட்ட மாட்டேன். “இவ பிள்ளையில்ல, பேங்கு லாக்கரு,” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமைக்கு நாலு ஆட்டம் முன்னால் பந்து அவர் காலுக்கு நடுவே போய்க் கோலாகிவிட்டது. கேலரியில் அவரைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. அடுத்த மூன்று பட்டியல்களிலும் அவருடைய எண்ணான ஒன்று இல்லை. மூன்றாம் முறை அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. கதவில் சாய்ந்து நின்று ஜெர்சிகளைப் பார்த்துவிட்டு, கையுறைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் எனக்கு மட்டும் தெரியும். ஆட்டத்தன்று, ஆட்டக்காரர்கள் களத்துக்குப் போன பிறகு, ஆசான் ஐந்து நிமிஷம் கிட் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வார். கவிழ்த்துப் போட்ட நீல வாளி ஒன்று உண்டு, அதில் உட்காருவார். கையை நீட்டிக் காட்டுவார். விரல்கள் நடுங்கும். வெளியே அவர் எவ்வளவு சத்தமாகக் கத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் வாளியில் உட்கார்ந்து நடுங்குவதைப் பார்த்து முதல் தடவை நான் பயந்துபோனேன். அவர் நெஞ்சைத் தொட்டு “பயம்” என்றார். ஆட்டக்காரர்களிடம் கற்றுக்கொண்ட சொல். “நாற்பது வருஷமாகப் பயம். நடுங்காத நாளில் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்,” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. பெரிய ஆம்பிளைகளுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு அன்று தெரிந்தது. அதில் ஆறுதல் இல்லை, பயம் கூடத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஐந்து நிமிஷத்தில் நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா முன்னமே வீட்டுக்குப் போய்விட்டாள். ஆசான் நாலாக மடித்த தாளோடு வந்தார். தந்துவிட்டு எப்போதும் போய்விடுவார். அன்று வாளியில் உட்கார்ந்தார். “துவால்யா” என்றார். துவாலையைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்தார், உடனே மறுபடி வியர்த்தது. மேலே ஃபேன் ஓடுகிறது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நெஞ்சைத் தொட்டு “பயம்” என்றார்.

ஆனால் ஆட்டம் மறுநாள்தான். முந்தின நாள் அவர் நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

மெஷின் ஒரு தடவை பிழிந்து முடிக்கிற நேரம் அப்படியே இருந்தார். நான் “டாக்டர்?” என்றேன். அவர் நிமிர்ந்தார். சிரித்தார். உதட்டில் விரலை வைத்தார். நானும் வைத்தேன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

பிறகு தாளைப் பிரித்தேன். கோடு இல்லாத ஏழுகளைப் பார்த்தேன். நாலு கதவு தள்ளி, அடிபட்டவர்களைப் பார்க்கிற ஃபிசியோவின் அறையில் விளக்கு எரிந்தது. அந்தக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே மூன்று நாலு பேர் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டக் கையைத் தூக்கினேன். தட்டவில்லை. திரும்பி வந்து, ஈர ஜெர்சிகளைக் கொடியில் போட்டேன்.

மறுநாள் சசி சார் கேட்டபோது நான் “தரல” என்றது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். ஆசான் கதவைத் திறந்துவிடுகிற நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என் மூளை நினைத்தது. சொன்ன பிறகு பிடித்துக்கொண்டது பயம். பட்டியல் தரவில்லை என்றால், அவர் கிட் ரூமுக்கு வரவே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பயிற்சி முடிந்து நல்லபடியாகச் சிரித்துக்கொண்டே காருக்குப் போனார், யாரும் ஒன்றும் பார்க்கவில்லை என்று முடிவாகிவிட்டது. அதற்குச் சாட்சி என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்.

ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த ஆட்டத்தை ஆசானுடைய பதினொரு பேரை வைத்தே ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். அவருடைய பையில், ஃபிளாட்டில், காரில் எல்லாம் தாளைத் தேடினார்கள். நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா துணியை அலசிக்கொண்டே கேட்டாள். அலசுவதை நிறுத்தினாள். “யாருக்கும் சொல்லிராதே. பாத்துட்டு சும்மா இருந்தியான்னு கேப்பாங்க. நாம துணி தொவைக்க வந்தவங்க. அந்தத் தாள அடுப்புல போட்டுரு,” என்றாள். நான் அதை இஸ்திரி மேசையின் போர்வைக்கு அடியில் வைத்தேன். தினமும் அதன் மேல்தான் சூட்டோடு இஸ்திரி போட்டேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் கதவைத் திறந்தாலும் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆன்டோ அண்ணன் ஒருநாள் வந்து வாளியில் உட்கார்ந்தார். அவர் கேலி பேசவில்லை. “பிள்ளே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஆசானுக்கு என்மேல நம்பிக்கை போயி, அப்படியே செத்துப்போயிட்டாரேன்னு இருக்கு,” என்றார். போர்வைக்கு அடியில், அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் தாள் இருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை ஆசானின் மகள் வந்தாள். மார்த்தா என்று பெயர், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். சசி சாரோடு ஒவ்வொரு அறையாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: அவர் முடியவில்லை என்று சொன்னாரா, யாராவது ஏதாவது பார்த்தீர்களா? எல்லாரும் இல்லை என்றார்கள். அவர்களுக்கு அது உண்மை. கிட் ரூமில் என்னிடமும் கேட்டாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். சசி சார், “இவள் அப்படித்தான், பேச மாட்டாள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் ஆசானின் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டாள். சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொரு சாவியாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு சசி சாரிடம், அப்பா கடைசியாக எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஃபிளாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு மட்டும் கிடைத்ததாம். அதை எடுத்துக் காட்டினாள். முட்டை, வாழைப்பழம், சோப்பு. இதுதான் அவர் எனக்கு விட்டுப் போனது என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று மழைக்கோட்டை முகத்தில் பொத்திக்கொண்டாள். பிறகு வெளியே போனார்கள். வராந்தாவில் அவர்கள் நடக்கிற சத்தம் கேட்டது.

ஆசானைத் தெரிந்தவர்களே, அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. அதிலிருந்த வரிசை மட்டும் என்னிடம் இருக்கிறது. ஒன்று, பதினேழு, நாலு, ஐந்து, மூன்று, எட்டு, இருபத்தேழு, பத்து, ஏழு, பதினொன்று, ஒன்பது. இதை நான் மறக்க மாட்டேன். சசி சார், நீங்கள் சொன்னால் தள்ளிவைத்த ஆட்டத்துக்கு இந்த வரிசையில் ஜெர்சிகளை மாட்டித் தருகிறேன். ஆன்டோ அண்ணா, முதல் கொக்கி உங்களுடையது. ஒன்று என்பதை மட்டும் அவர் அழுத்தி எழுதியிருந்தார், தாள் கிழிகிற அளவுக்கு. ஃபிசியோ அறையின் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புதன்கிழமை, அவர்கள் வெளியே போனதும், நான் போர்வையைத் தூக்கித் தாளை எடுத்தேன். அம்மா “ஏய்” என்றாள். ஓடினேன். மார்த்தா காரில் ஏறக் கதவைத் திறந்திருந்தாள். தாளை அவள் கையில் வைத்தேன். அவள் பார்த்தாள். கோடு இல்லாத மூன்று ஏழுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் தன் மொழியில் எதையோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல என்னிடம் அவள் மொழியும் இல்லை, பேசுகிற அளவுக்கு ஆங்கிலமும் இல்லை. டிரைவரும் வாட்ச்மேனும் சசி சாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வராந்தாப் படியில் உட்கார்ந்தேன். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முகத்தைத் துடைப்பது போலச் செய்தேன், மறுபடி துடைத்தேன். நெஞ்சைத் தொட்டேன். பிறகு நிமிர்ந்து, அவளைப் பார்த்து, அவர் சிரித்தது போலச் சிரித்து, உதட்டில் விரலை வைத்தேன்.

பிறகு விரலை எடுத்தேன்.